எட்டு ஓட்டைப் பெட்டியும் நாலு அறிவாளிகளும்

வெள்ளந்திபுரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று என்னிடம் கேட்காதீர்கள். சொன்னால் போய்ப் பார்க்க ஆசை வரும். பார்த்துவிட்டு வந்து என்னைத்தான் ஏசுவீர்கள். அந்த ஊரில் விளக்குமாறு உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் என்று ஒன்று உண்டு. அதில் ஆறு வருஷம் தட்டச்சராகக் குப்பை கொட்டியவள் நான். ஊருக்கெல்லாம் விளக்குமாறு விற்கிற இடத்தில் குப்பை கொட்டினேன் என்றால் அந்த ஆபீசின் லட்சணத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். என் பெயர் ஆவுடைத்தங்கம்.

என்னைத் தவிர அங்கே நாலு பேர். நாலும் நாலு ரத்தினம்.

சூப்பரண்டு அரியநாயகம் சார் பேனா மூடியைக் கழற்றாமலே கையெழுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, மை தீர்ந்துவிட்டது என்று புதுப் பேனா கேட்கிற ஜாதி. தலைமை எழுத்தர் உச்சிமாகாளி அண்ணாச்சிக்கு எல்லா விதியும் தலைகீழ் மனப்பாடம். அந்த விதி எதற்கு வந்தது என்று கேட்டால் மட்டும் கோபம் வரும். இளநிலை எழுத்தர் கொம்பையா அண்ணாச்சி மொபெட்டிலிருந்து விழுந்து எழுந்த நாளிலிருந்து வேகம் என்ற சொல்லையே வெறுத்தவர். அலுவலக உதவியாளர் சப்பாணிமுத்து ஒரு காலத்தில் டியூப் லைட்டுக்கு ஸ்டார்ட்டர் மாற்றியிருக்கிறார். அதனால் மின்சாரம் என்றால் மொத்த ஆபீசுக்கும் அவர்தான் நிபுணர்.

இந்தக் கூட்டத்தைவிட்டுத் தப்பிக்க எனக்கு ஒரே ஒரு வழி கிடைத்தது. தென்காசிக் கிளையில் தட்டச்சர் இடம் ஒன்று காலியானது. என் வீட்டுக்காரருக்கு அங்கேதான் வேலை. ஒண்ணாம் வகுப்புப் படிக்கிற மகளும் அவரோடுதான் இருந்தாள். நான் சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருவேன். வாசலில் செருப்பைக் கழற்றும் முன்னாலேயே அந்தப் பிள்ளை, "அம்மா, எப்பம் போவ?" என்று கேட்கும். வந்தியா என்று கேட்காது. அதற்குப் பேச்சு வந்த நாளிலிருந்து அந்தக் கேள்வி என் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

மாறுதல் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குள் கணினியில் தென்காசி என்று தேர்ந்தெடுத்து உறுதி செய்துவிட வேண்டும். தவறினால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அதையும் சங்கத்தின் இணைய லைனில்தான் செய்ய வேண்டும். போனில் அந்தப் பக்கம் திறக்காது.

சரி, இதில் என்ன கஷ்டம் என்பீர்கள். புதன்கிழமை சாயங்காலம் தலைமைச் சங்கத்திலிருந்து ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. ஃபயர்வால் என்று பேர். வெளியிலிருந்து கண்டதும் கழியதும் நம் கணினிக்குள் நுழையாமல் வாசலில் நின்று தடுக்கிற காவல் பெட்டி. அதில் வயர் செருக எட்டு ஓட்டை, தனியாக ஓரத்தில் ஒன்று. எட்டுக்கும் போர்ட் ஒன்று, போர்ட் இரண்டு என்று நம்பர் போட்டிருந்தது. ஓரத்து ஓட்டைக்கு மேலே 'நிர்வாகம்' என்று எழுதியிருந்தது. பெட்டியைச் சரிபண்ணுகிறவர் தன் கணினியை அதில் மாட்டித்தான் வேலை பார்க்க வேண்டும். பழைய இணைப்பை அன்றைக்கு ராத்திரியோடு நிறுத்திவிட்டார்கள். இனி எது வந்தாலும் போனாலும் இந்தப் பெட்டி வழியாகத்தான்.

கூடவே ஒரு கடிதம். வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு உச்சிமாகாளி அண்ணாச்சி அதைத் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"ஒன்று. வெளியிலிருந்து வரும் இணைய லைனை முதலாம் போர்ட்டில் செருகவும். இரண்டு. அலுவலகக் கணினிகள் அனைத்துக்கும் பிரிந்து செல்லும் வயரை இரண்டாம் போர்ட்டில் செருகவும்."

"நிப்பாட்டும்" என்றார் சூப்பரண்டு. "முதலாம் போர்ட்டுல யாரைச் செருகச் சொல்லுதான்?"

"வெளி லைனை, சார்."

"அது நம்ம ஆபீசுல எப்பம் சேந்துச்சு?"

"லைனா? போன வருஷம் ஆடியில, சார்."

"நான் சேந்து முப்பத்தோரு வருஷம் ஆச்சு. நேத்துப் பெஞ்ச மழையில முளைச்சது முதலாம் நம்பர்ல உக்காரும், நான் வாசல்ல நிக்கணுமோ?"

"தப்பு சார், பெரிய தப்பு" என்றார் உச்சிமாகாளி. "பணிமூப்பு ரத்துன்னு இந்தக் கடிதத்துல ஒரு வரிகூட இல்ல. பணிமூப்பை மாத்தணும்னா தனி ஆணை வரணும்."

நான் வாயைத் திறந்தேன். "சார், அது மனுசனுக்கு உள்ள வரிசை இல்ல. வயருக்கு உள்ளது."

"வயரோட மறுமுனையில யாரும்மா இருக்கா? மனுசன்தான?" என்றார் அண்ணாச்சி. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பதினொன்றரை மணிவரை பணிமூப்புப் பட்டியல் தயாரானது. சூப்பரண்டு எழுந்து பெட்டியைச் சுற்றிவந்து பார்த்து, 'நிர்வாகம்' என்ற எழுத்தைக் கண்டதும் முகம் மலர்ந்து, "எனக்குன்னு தனியாவே செஞ்சு அனுப்பியிருக்கான் பாரும்" என்று தன் வயரை அதில் செருகிக்கொண்டார். முதலாம் போர்ட் உச்சிமாகாளிக்கு. இரண்டாவது கொம்பையாவுக்கு. மூன்றாவது எனக்கு. நாலாவது சப்பாணிமுத்துவுக்கு. அவரிடம் கணினி கிடையாது. அதற்காக உரிமையை விடுவாரா? ஒரு வயரை நாலாவதில் செருகி, மறுமுனையைத் தன் ஸ்டூல் காலில் கட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டார். இணைய லைன் எட்டாவது ஓட்டையில், கடைசியாக.

நிர்வாக ஓட்டையில் மாட்டியதால் சூப்பரண்டின் கணினியில் பெட்டியின் அமைப்புப் பக்கம் திறந்தது. வெள்ளைத் திரை. நடுவில் பெயர் என்று ஒரு கட்டம், கடவுச்சொல் என்று ஒரு கட்டம். வேறொன்றுமில்லை. சார் அதையே கால்மணி நேரம் உற்றுப் பார்த்தார்.

"இவ்வளவுதானா இன்டர்நெட்? இதையா என் மருமகன் சோறு தண்ணியில்லாம பாத்துட்டுக் கெடக்கான்?"

"சார், கடிதத்துல பேரும் கடவுச்சொல்லும் குடுத்திருக்கான். அதைப் போட்டாத்தான் உள்ள போவும்" என்றேன். விசைப்பலகையை இழுத்து நானே அடித்தேன். உள்ளே எட்டு போர்ட்டும் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே வேகம், பேசும் முறை, முகவரி என்று மூன்று கட்டம்.

உச்சிமாகாளி தொடர்ந்தார். "மூன்று. வேகத்தைத் தானியங்கி என்றே விட்டுவிடவும். வயரின் இரு முனைகளும் தமக்குள் பேசி முடிவுசெய்துகொள்ளும்."

ஆபீசே திடுக்கிட்டது.

"தமக்குள்ள பேசி முடிவெடுக்குமா?" என்றார் சூப்பரண்டு. "முப்பத்தோரு வருஷத்துல நானே ஒரு முடிவு எடுத்தது கெடையாது. தகர டப்பா எடுக்குமோ?"

"நாளைக்கு ஆடிட்ல கேட்டா யார் பதில் சொல்ல?" என்றார் உச்சிமாகாளி. "நாமளே எழுதிப் போட்டுருவோம். பத்து, நூறு, ஆயிரம்னு மூணு இருக்கு. சாருக்கு ஆயிரம், எனக்கு நூறு, வே கொம்பையா, உமக்கும் நூறு போடட்டுமா?"

கொம்பையா நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம் அண்ணாச்சி, பிள்ளகுட்டிக்காரன். முப்பதுல போயே முட்டி பேந்துச்சு. எனக்குப் பத்து போதும். அதையும் கொறைக்க முடியுமான்னு பாரும்."

"அதுக்குக் கீழ இல்லவே."

"அப்பம் பத்து. நான் ஓரமா மெதுவா போயிக்கிடுதேன்."

வெளியிலிருந்து லைன் ஆயிரம் வேகத்தில் வருகிறது. இங்கே எட்டாவது போர்ட்டில் அதற்குப் பத்து என்று போட்டார்கள், கடைநிலை ஊழியருக்கு அவ்வளவுதான் என்று. ஒரு முனையில் ஒரு வேகம், மறுமுனையில் வேறு வேகம் என்றால் இரண்டும் கைகுலுக்கிக்கொள்ளாது. பச்சை விளக்கு எரியாது. இதை நான் மூன்று தடவை சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்கு.

அடுத்தது பேசும் முறை. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம் என்று ஒன்று, ஒருவர் பேசி முடித்த பிறகுதான் அடுத்தவர் பேசலாம் என்று இன்னொன்று. இந்தக் காலத்துப் பெட்டிக்கு முதலாவதைத்தான் போட வேண்டும். இவர்கள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"பெரியவங்க பேசும்போது சின்னவங்க குறுக்க பேசுறது என்ன பழக்கம்? ரெண்டாவதைப் போடும்" என்றார் சூப்பரண்டு. மரியாதை தெரிந்த ஆபீஸ்.

பிறகு முகவரி. "நான்கு. ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு முகவரி எண் கொடுக்கவும். மாதிரி, 10.10.10.1. மற்ற எண்களுக்குப் பின்பக்கம் பார்க்க."

நாலு பேரும் திரும்பிப் பின்பக்கம் பார்த்தார்கள். சுவரில் ஒரு பல்லி இருந்தது.

"பல்லிதான் இருக்கு" என்றார் சப்பாணிமுத்து.

"அப்பம் வேற எண் இல்லன்னு அர்த்தம். மாதிரியில இருக்கிறதையே எல்லாத்துக்கும் போடும்" என்றார் உச்சிமாகாளி.

இவர்களுடைய மாதிரிப் பாசம் எனக்குப் புதிதல்ல. போன வருஷம் விடுப்பு விண்ணப்பத்துக்குத் தலைமைச் சங்கம் ஒரு மாதிரிப் படிவம் அனுப்பியது. அதில் க. மாசானமூர்த்தி என்று யாரோ ஒருவர் பெயரை நிரப்பிக் காட்டியிருந்தார்கள். நாலு பேரும் அதைப் புள்ளி பிசகாமல் பார்த்து எழுதி அனுப்பினார்கள். மாசானமூர்த்திக்கு நாற்பது நாள் விடுப்பு கிடைத்தது. இவர்கள் ஒரு நாள்கூட வீட்டிலிருக்க முடியவில்லை.

எட்டு போர்ட்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டால் பெட்டி ஒத்துக்கொள்ளுமா? ஒவ்வொரு தடவையும் சிவப்பு எழுத்தில், இந்த முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்றது.

"எவன் எடுத்தது?" என்று சூப்பரண்டு எழுந்து நின்றுவிட்டார். "நம்ம நம்பரை நமக்குத் தெரியாம எவனோ எடுத்துட்டான் பாத்தீரா? காவல் பெட்டி வந்த மொத நாளே களவு!"

ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள். கொம்பையா தன் சட்டைப் பையைத் தானே சோதித்துக் காட்டினார்.

மணி ஒன்றானது. பசி காதை அடைத்தது. சாப்பிட்டுவிட்டு வந்து நானே முடித்துவிடுவோம் என்று போனேன். அங்கேதான் நான் ஏமாந்தேன். குரங்கு கையில் பூமாலையைக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பலாமா? டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தால், பெட்டியிலிருந்து எல்லா வயரையும் பிடுங்கித் தரையில் போட்டிருந்தார்கள். எட்டு ஓட்டைமேலும் காகிதம் ஒட்டி, நாலு மூலையிலும் அரக்கு உருக்கி ஊற்றி, சங்கத்தின் முத்திரையைக் குத்தியிருந்தார்கள். பார்சலுக்கு வைக்கிற அதே அரக்கு. ஆபீசே கோயில் திருவிழா மாதிரி புகைந்துகொண்டிருந்தது.

"என்ன அண்ணாச்சி இது?"

"அஞ்சாவது விதிம்மா. பயன்படாத போர்ட்களை மூடிவைக்கவும்."

"பயன்படாததைத்தான அண்ணாச்சி? எதுக்கு எட்டையும் மூடினீங்க?"

"இப்பம் எது பயன்படுது, சொல்லு பாப்போம்" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். எதுவும் பயன்படவில்லைதான். இந்த ஆறு வருஷத்தில் அந்த மனிதர் சரியாகச் சொன்ன ஒரே வாக்கியம் அது.

மணி இரண்டரை.

"அண்ணாச்சி, நாலு மணிக்குள்ள நான் தென்காசியைப் போட்டாகணும். முத்திரையை உடைச்சு விடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"உடைக்கவா?" அவர் முகம் வெளுத்தது. "முத்திரை வச்சதை உடைக்க மூவர் குழு போடணும்மா. ஒரு தலைவர், ரெண்டு உறுப்பினர்."

"அப்பம் போடுங்க!"

"யாரும்மா தலைவர்?" என்றார் சூப்பரண்டு. "நான்னா எல்லாரும் ஏகமனசா முன்மொழியணும்."

"மூணு பேருதான குழு? நாம நாலு பேரு. யாரை விடுதது?" என்றார் கொம்பையா.

"என்னை விட்டா எம் மனசு தாங்காது" என்றார் சப்பாணிமுத்து.

நாலு பேரில் யாரைக் கழிப்பது என்ற விவாதம் மீட்டிங் அறைக்குப் போனது. சூப்பரண்டும் கூடவே போனார். நாற்காலி காலி. அதற்குமேல் நான் பொறுக்கவில்லை. கொண்டை ஊசியை உருவி அரக்கை நெம்பி எடுத்தேன். விரலில் இரண்டு இடம் சிராய்த்தது. போகட்டும். இணைய லைனை முதலாம் போர்ட்டில் செருகினேன். மூலையிலிருக்கிற சின்னப் பெட்டியிலிருந்துதான் எல்லா மேசைக்கும் வயர் பிரிகிறது. என் மேசை வயரை அதில் மாட்டி, அந்தச் சின்னப் பெட்டியின் வயரை இரண்டாம் போர்ட்டில் செருகினேன். சூப்பரண்டின் வயரை மறுபடி நிர்வாக ஓட்டையில் செருகி, அவர் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டுக்கும் வேகத்தைத் தானியங்கிக்கு மாற்றினேன். பேசும் முறையை இரு பக்கமும் ஒரே நேரத்தில் என்று திருத்தினேன். கடிதத்தைத் திருப்பினேன். மற்ற எண்கள் அங்கே அழகாக அச்சடித்து இருந்தன. முதலாவதுக்கு ஒன்று, இரண்டாவதுக்கு வேறொன்று. மீதி ஆறு போர்ட்டையும் திரையிலேயே ஒவ்வொரு தட்டில் மூடினேன். அரக்கும் வேண்டாம், புகையும் வேண்டாம். மொத்தம் இருபது நிமிஷம். காலையிலேயே இதைச் செய்திருந்தால் பத்தேமுக்காலுக்கு நான் ஊருக்குப் பெட்டி கட்டியிருப்பேன்.

சேமி என்று அழுத்தினேன். ஒன்றாம் போர்ட்டுக்கு மேலே பச்சை விளக்கு. இரண்டாம் போர்ட்டுக்கு மேலே பச்சை விளக்கு. அந்தப் பச்சையைப் பார்த்து எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

ஓடிப்போய் என் கணினியில் மாறுதல் பக்கத்தைத் திறந்தேன். மணி மூன்றேகால். பெயர், பணி எண் போட்டேன். தென்காசி, ஒரு இடம், காலி என்று இருந்தது. உறுதி செய் என்று அழுத்தினேன். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, இணைப்பு இல்லை என்றது.

திரும்பிப் பார்த்தேன். மீட்டிங் முடிந்து நாலு பேரும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். சப்பாணிமுத்துவின் கையில் லைன் வயர்.

"ஏன் பிடுங்கினீங்க?" என்று கத்தினேன்.

"மினுக்குச்சு மேடம்" என்றார். "சும்மா எரிஞ்ச வெளக்கு திடீர்னு மினுக் மினுக்குன்னு அடிச்சுச்சு. மினுக்கினா ஸ்டார்ட்டர் போச்சுன்னு அர்த்தம். அப்படியே விட்டா சோக்கே எரிஞ்சு போவும்."

"அண்ணே, இது டியூப் லைட் இல்ல. நாம ஏதாவது அனுப்பினா அது வழியா விசயம் போவும். போகும்போது மினுக்கும். மினுக்கினாத்தான் நல்லது."

இதை நான் சொல்லியிருக்கக் கூடாது. நுணலும் தன் வாயால் கெடும். சூப்பரண்டு இரண்டடி பின்னால் போனார்.

"வெசயம் போவுதா? நம்ம ஆபீசு வெசயமா? வெளியவா?"

"ஆமா சார்."

"எதையும் விடாம தடுக்கத்தான் இந்தப் பெட்டியை அனுப்பியிருக்கான். அது வழியாவே வெசயம் போவுதுன்னா பெட்டி ஓட்டைன்னு அர்த்தம்! வே சப்பாணி, நல்லா பாத்துக்கிடும். எப்பம் மினுக்கினாலும் புடுங்கிரணும்."

"வுட மாட்டேன் சார்" என்றார் சப்பாணிமுத்து.

அதன்பிறகு நடந்ததைச் சொன்னால் வயிறு எரிகிறது. நானே போய் வயரைச் செருகுவேன். சும்மா இருக்கும்போது விளக்கு ஒழுங்காக எரியும். நாலு பேரும் அதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டுவார்கள். நான் என் இடத்துக்கு ஓடி அழுத்துவேன். நான் அழுத்தினால்தான் விஷயம் போகும், விஷயம் போனால்தான் மினுக்கும், மினுக்கியதும் பிடுங்கிவிடுவார்கள். ஐந்து தடவை. ஐந்தாவது தடவை கொம்பையா ஒரு பெரிய கண்டுபிடிப்பைச் சொன்னார்.

"சார், நான் கவனிச்சுட்டேன். ஆவுடை உக்காந்தாத்தான் அதுக்கு வலிப்பு வருது."

"ஏம்மா, நீ எந்திச்சு நின்னுரேன்" என்றார் சூப்பரண்டு, மிகவும் பரிவாக.

மணி மூன்று நாற்பது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமென்ன இதில்? வர்ற சனிக்கிழமையும் அந்தப் பிள்ளை எப்பம் போவ என்று கேட்கும், அடுத்த வருஷமும் கேட்கும், நான் இந்த நாலு பேரோடு கிழவியாகி ஓய்வு பெறுவேன். இவர்களிடம் கெஞ்சிப் பயனில்லை. விளக்கிப் பயனில்லை. அடிக்கலாம் என்றால் சரக்கு அறை நிறைய விளக்குமாறு இருந்தது; எண்ணூறு கட்டு. ஆனால் நேரமில்லை.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"சார், எனக்கு இப்பந்தான் புரியுது. புதுப் பெட்டி. பூசை போட்டோமா?"

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போடல" என்றார் சூப்பரண்டு, குரல் இறங்கிப்போய்.

"பஞ்ச் மிஷினுக்கே போட்டோம்" என்றார் உச்சிமாகாளி. "இதுக்குப் போடாம விட்டுட்டோம்!"

"அதான் வலிப்பு" என்றார் கொம்பையா.

சாமி அலமாரியிலிருந்து சூடத்தை எடுத்து ஏற்றினேன். "நாலு பேரும் பெட்டியைச் சுத்தி நில்லுங்க. ரெண்டு கையையும் கூப்பிக்கிடுங்க. கண்ணை இறுக்க மூடிக்கிடுங்க. நான் சொல்லுற வரைக்கும் ஒருத்தரும் தொறக்கக் கூடாது."

"நீ சொல்லுற வரைக்கும்" என்று நாலு பேரும் சொன்னார்கள். மூடினார்கள். அந்த ஆபீசில் ஒரு உத்தரவு இவ்வளவு சுத்தமாக நிறைவேறி நான் பார்த்ததே இல்லை.

வயரைச் செருகினேன். ஓடினேன். தென்காசி. உறுதி செய். வட்டம் சுற்றியது. அந்தப் பக்கம் விளக்கு கார்த்திகை மாதிரி மினுக்கித் தள்ளியது. எட்டுக் கண்ணும் மூடியே இருந்தன, எட்டுக் கையும் கூப்பியே இருந்தன. சூட வாசனையில் சூப்பரண்டுக்கு ஒரு தும்மல் வந்தது. அதையும் கண்ணைத் திறக்காமலே தும்மினார்.

மூன்று ஐம்பத்தாறு. உங்கள் விருப்பம் ஏற்கப்பட்டது என்று வந்தது. மாறுதல் ஆணை பின்னாலேயே வந்தது. அச்சடித்து எடுத்தேன். வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். மகள் எடுத்தாள். "இன்னைக்கு ராத்திரியே வாரேன்ட்டி, வந்தா போகவே மாட்டேன்" என்றேன். "பொய்தான?" என்றாள். நான் ஆணையின் முதல் வரியைப் போனிலேயே வாசித்துக் காட்டினேன்.

பணியிலிருந்து விடுவிக்கும் ஆணையைத் தட்டச்சு செய்து சூப்பரண்டிடம் கொண்டுபோனேன்.

"சார், என்னை விடுவிக்கிற ஆணை. கையெழுத்துப் போடணும்."

"போடுதேன், பேனாவைக் குடு. பூசை முடிஞ்சுதா?"

"நடந்துட்டு இருக்கு சார்."

"நல்லபடியா நடக்கட்டும்" என்றார். முதல் கையெழுத்தை மேசையில் போட்டார். இரண்டாவதை உச்சிமாகாளியின் முதுகில் போட்டார். மூன்றாவதுதான் காகிதத்தில் விழுந்தது. மறுபடி கையைக் கூப்பிக்கொண்டார். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு நாலே முக்கால் பஸ்ஸுக்கு ஓடினேன். நிஜமாகவே, சத்தியமாக, கண்ணைத் திறக்கச் சொல்ல மறந்துவிட்டேன். எந்த மனுசன் அதற்கெல்லாம் காத்திருப்பான் என்று நினைப்பீர்கள்?

பத்து நாள் கழித்து என் இடத்துக்குப் புதிதாகப் போன ஞானதுரை போன் செய்தார்.

"அக்கா, நான் இங்க வந்து மூணு நாளாச்சு. நாலு பேரும் ஒரு பெட்டியைச் சுத்திக் கண்ணை மூடி நிக்காங்க. சாயங்காலமானா ஒருத்தர் தோளை ஒருத்தர் புடிச்சுக்கிட்டு வரிசையா வீட்டுக்குப் போறாங்க, காலையில அப்படியே வாராங்க. கேட்டா, ஆவுடை சொல்லணுங்காங்க."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. "தம்பி, போனை ஸ்பீக்கர்ல போடுங்க. சார், நான் ஆவுடை பேசுதேன். கண்ணைத் தொறங்க!"

அந்தப் பக்கம் சிறிது நேரம் குசுகுசு. பிறகு உச்சிமாகாளியின் குரல் கேட்டது. "அது செல்லாதும்மா. நீ பணியிலிருந்து விடுவிக்கப்பட்டாச்சு. உனக்கு இந்த ஆபீசுல உத்தரவு போட அதிகாரம் கெடையாது."

"அப்பம் யாரு சொல்லணும்?"

"தலைமைச் சங்கத்துக்கு அன்னைக்கே எழுதிக் கேட்டிருக்கோம். கொம்பையாதான் தட்டச்சு செஞ்சான்."

"கண்ணை மூடிக்கிட்டா?"

"எப்பவும் போலத்தான்மா இருந்துச்சாம்" என்றார்.

ஞானதுரை குறுக்கிட்டார். "அக்கா, அதுக்குப் பதில் வந்து ரெண்டு நாளாச்சு. நாலு பேரும் உடனே கண்ணைத் திறக்கலாம்னு போட்டிருக்கு. மேசையிலதான் கெடக்கு. நான் சத்தமா ரெண்டு தடவை வாசிச்சும் காட்டிட்டேன்."

"பிறகென்ன தம்பி?"

"உத்தரவுன்னா சூப்பரண்டு கண்ணால பாத்து, கையெழுத்து சரியான்னு பாத்த பிறகுதான் அமலுக்கு வருமாம், அக்கா. அதுவரைக்கும் பத்திரமா வைக்கச் சொல்லுதாங்க. கண்ணைத் தொறந்ததும் மொத வேலையா அதைத்தான் படிப்பாங்களாம்."